கோடிங் எடிட்டரை உங்களுக்கேத்த மாதிரி செட் பண்றது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு முழு விளக்கம்

ஒரே பைத்தான் புரோகிராம்தான். ஃபிரெண்டோட லேப்டாப்ல நல்லா ஓடுது. அதை உங்க லேப்டாப்புக்கு காப்பி பண்ணி, நடுவுல ரெண்டு வரி சேர்த்து ரன் பண்ணா 'டேப் எரர்'னு சிவப்பா வந்து நிக்குது. எழுத்துக்கு எழுத்து பார்த்தாச்சு, தப்பு எதுவும் கண்ணுல படலை. விடிஞ்சா ப்ராஜெக்ட் சப்மிஷன்.

இந்த மாதிரி நேரத்துல பல சமயம் தப்பு உங்க லாஜிக்ல இருக்காது, எடிட்டர் செட்டிங்ல இருக்கும். வரியை உள்ளே தள்ளி எழுத ஃபிரெண்டோட எடிட்டர் டேப் போட்டிருக்கும், உங்களோடது ஸ்பேஸ் போட்டிருக்கும். நம்ம கண்ணுக்கு ரெண்டும் வெறும் இடைவெளி. பைத்தானுக்கு ரெண்டும் வேற வேற எழுத்து.

புரோகிராமிங் கத்துக்கொடுக்கிற பல வகுப்புகளில் எடிட்டரை இன்ஸ்டால் பண்ணச் சொல்வாங்க, அதை எப்படி செட் பண்ணணும்னு சொல்லித் தர மாட்டாங்க. ஒரு மணி நேரம் ஒதுக்கினா போதும். என்னென்ன மாத்தணும், எதைத் தொடக்கூடாது, லேப்டாப் போயிட்டா அந்த செட்டிங்கை எப்படி மீட்கிறது? ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

எடிட்டர் கான்ஃபிக்னா என்ன?

நீங்க எழுதுற கோடு வெறும் எழுத்துதான். நோட்பேட்லகூட எழுதலாம். ஆனா கோடு எடிட்டர் வரி எண் காட்டும், வார்த்தைகளுக்கு நிறம் கொடுக்கும், அடைப்புக்குறியை மூட மறந்தா ஞாபகப்படுத்தும். இதெல்லாம் எப்படி நடக்கணும்னு நீங்க சொல்லி வைக்கிற விருப்பங்களோட தொகுப்புதான் கான்ஃபிகரேஷன். சுருக்கமா 'கான்ஃபிக்'.

முக்கியமான விஷயம், பெரும்பாலான எடிட்டர்களில் இந்த விருப்பங்கள் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாத்தான் சேமிக்கப்படுது. அதனால அதைத் திறந்து படிக்கலாம், காப்பி எடுக்கலாம், இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போகலாம்.

இது பழைய பழக்கம். பில் ஜாய் 1976-ல் எழுதின விஐ எடிட்டர், அதோட வழியில் பிராம் மூலனார் 1991-ல் வெளியிட்ட விம், இவற்றைப் பயன்படுத்துறவங்க தங்களோட செட்டிங் ஃபைலை வருஷக்கணக்கா பத்திரமா வெச்சிருப்பாங்க. அந்த ஃபைல்களோட பெயர் ஒரு புள்ளியில் ஆரம்பிக்கும். அதனால 'டாட்ஃபைல்ஸ்'னு பெயர் வந்தது. யூனிக்ஸ்ல புள்ளியில் ஆரம்பிக்கிற ஃபைல்கள் பட்டியலில் தெரியாது. இது திட்டமிட்டு வந்த வசதி இல்லை, வேற ஒரு விஷயத்தை மறைக்கப் போய் தற்செயலா நடந்ததுன்னு யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் 2012-ல் எழுதியிருக்கார்.

எந்த எடிட்டரை எடுக்கலாம்?

இந்தக் கட்டுரையில் உதாரணமா எடுத்துக்கிறது விஷுவல் ஸ்டுடியோ கோடு, அதாவது விஎஸ் கோடு. மைக்ரோசாஃப்ட் 2015 ஏப்ரலில் அறிவிச்ச இலவச எடிட்டர் இது. அதே வருஷம் நவம்பரில் இதோட மூலக் குறியீட்டையும் திறந்து விட்டாங்க. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2024-ல் நடத்திய டெவலப்பர் ஆய்வில், எடிட்டர் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்னவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் இதைப் பயன்படுத்துறதா சொன்னாங்க. அதனால சந்தேகம் வந்தா கேட்க ஆள் கிடைப்பாங்க.

பழைய லேப்டாப்பா? 1.6 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 1 ஜிபி ரேம் இருந்தா போதும்னு அந்த எடிட்டரோட அதிகாரப்பூர்வ குறிப்பு சொல்லுது. ஆனா கூடவே பிரவுசரையும் திறந்து வெச்சுக்கிட்டு வேலை பார்க்க 4 ஜிபியாவது இருந்தாத்தான் நிம்மதி. வேற எடிட்டர் வெச்சிருந்தாலும் பரவாயில்லை. பெயர்தான் மாறும், கீழே சொல்ற விஷயங்கள் அப்படியே பொருந்தும்.

முதல்ல மாத்த வேண்டிய 7 செட்டிங்

கம்ப்யூட்டர்ல விஎஸ் கோடைத் திறந்து கன்ட்ரோல் பட்டனையும் கமாவையும் சேர்த்து அழுத்துங்க. மேக்ல கமாண்ட், கமா. செட்டிங்ஸ் பக்கம் வரும். மேலே இருக்கிற தேடல் பெட்டியில் கீழே சொல்ற பெயர்களை ஆங்கிலத்துல டைப் பண்ணா உரிய செட்டிங் வந்துடும்.

1. ஆட்டோ சேவ்: இது ஆரம்பத்துல ஆஃப்லதான் இருக்கும். கோடை மாத்திட்டு, சேவ் பண்ண மறந்து, டெர்மினல்ல ரன் பண்ணா ஓடுறது பழைய கோடுதான். 'மாத்திட்டேனே, ஏன் மாறலை?'ன்னு தலையைப் பிச்சுக்கிறவங்கள்ல பாதிப் பேரோட பிரச்னை இதுதான். டேப் மேல ஃபைல் பெயருக்குப் பக்கத்துல ஒரு உருண்டைப் புள்ளி தெரிஞ்சா இன்னும் சேவ் ஆகலைன்னு அர்த்தம். ஆட்டோ சேவை 'ஆன் ஃபோகஸ் சேஞ்ச்'னு வைங்க. நீங்க வேற இடத்துக்குப் போன உடனே அதுவே சேவ் பண்ணிக்கும்.

2. ஃபார்மட் ஆன் சேவ்: சேவ் பண்ணும்போதே கோடை ஒழுங்கா அடுக்கி வைக்கும். இதுக்கு அந்தந்த மொழிக்கான ஃபார்மட்டர் வேணும். பைத்தானுக்கு பிளாக், ஜாவாஸ்கிரிப்டுக்கு பிரிட்டியர்னு இருக்கு. ஒரு சிக்கலைக் கவனிங்க. ஆட்டோ சேவை 'ஆஃப்டர் டிலே'ன்னு, அதாவது சில நொடி கழிச்சு சேவ் ஆகுற மாதிரி வெச்சா, ஃபார்மட் ஆன் சேவ் வேலை செய்யாது. நீங்க டைப் பண்ணிட்டு இருக்கும்போதே வரிகள் இடம் மாறக்கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. முதல் செட்டிங்ல ஃபோகஸ் சேஞ்சைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது இதனாலதான்.

3. டேப் சைஸ், இன்செர்ட் ஸ்பேசஸ்: பைத்தானோட 'பெப் 8' எழுத்து விதி, உள்தள்ளலுக்கு 4 ஸ்பேஸ் போடச் சொல்லுது. டேப் சைஸ் 4, இன்செர்ட் ஸ்பேசஸ் ஆன்னு இருக்கான்னு பாருங்க. இருந்தும் வேற எண் காட்டினா பயப்படாதீங்க. 'டிடெக்ட் இன்டென்டேஷன்'ங்கிற செட்டிங், திறந்த ஃபைல்ல ஏற்கெனவே என்ன இருக்கோ அதைப் பின்பற்றும். ஆரம்பத்துல சொன்ன டேப் எரர் வந்தா, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூணையும் அழுத்தி, 'கன்வெர்ட் இன்டென்டேஷன் டு ஸ்பேசஸ்'னு டைப் பண்ணி என்டர் தட்டுங்க. மொத்த ஃபைலும் ஒரே மாதிரி ஆயிடும். மேக்ஃபைல் மட்டும் விதிவிலக்கு. அதுக்குக் கண்டிப்பா டேப்தான் வேணும்.

4. எண்ட் ஆஃப் லைன்: ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு இருக்கும். விண்டோஸ்ல அது ரெண்டு எழுத்து, லினக்ஸ்ல, மேக்ல ஒரே எழுத்து. விண்டோஸ்ல எழுதின ஷெல் ஸ்கிரிப்ட் லினக்ஸ் சர்வர்ல ஓடாம போறதுக்கு இது ஒரு வழக்கமான காரணம். எடிட்டரோட கீழ் வலது மூலையில் 'சிஆர்எல்எஃப்'னு தெரிஞ்சா அதைக் கிளிக் பண்ணி 'எல்எஃப்'னு மாத்திக்கலாம்.

5. வேர்ட் ராப்: நீளமான வரி திரைக்கு வெளியே ஓடாம மடங்கி வரும். எச்டிஎம்எல் எழுதுறவங்களுக்கு ரொம்ப உதவும்.

6. ஃபான்ட் சைஸ்: விண்டோஸ்ல ஆரம்ப அளவு 14. கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டி இருந்தா 16, 18னு கூட்டுங்க. 'லைன் ஹைட்'டையும் கொஞ்சம் கூட்டினா வரிகள் ஒட்டாம இருக்கும். சின்ன எழுத்துல எழுதினா பெரிய புரோகிராமர்னு யாரும் சர்டிஃபிகேட் தரப் போறதில்லை.

7. மினிமேப்: வலது ஓரத்துல மொத்தக் கோடும் சின்னதா தெரியுற பட்டை. 14 இன்ச் திரையில் அது இடத்தை அடைச்சுக்கும். வேண்டாம்னா ஆஃப் பண்ணிடலாம்.

இன்னும் ஒண்ணு. இப்பதான் கோடிங் கத்துக்கிறீங்கன்னா, ஏஐ தானாவே முழு வரியையும் எழுதிக் காட்டுற 'இன்லைன் சஜெஸ்ட்' வசதியை முதல் சில மாசம் ஆஃப்ல வெச்சுப் பாருங்க. விடையைப் பக்கத்துலயே அச்சடிச்சு வெச்சுட்டுக் கணக்குப் போட்டா கணக்கு வராது.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமா தெரியுதா?

கோடு ஃபான்ட்கள் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொடுக்கும். அந்த ஃபான்ட்களில் பொதுவா தமிழ் இருக்காது. 'ஃபான்ட் ஃபேமிலி' செட்டிங்ல உங்களோட ஆங்கில ஃபான்ட் பெயருக்கு அடுத்து ஒரு கமா போட்டு, தமிழ் ஃபான்ட் பெயரைச் சேருங்க. விண்டோஸ்ல நிர்மலா யுஐ ஏற்கெனவே இருக்கும். லினக்ஸ்ல நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டுக்கலாம். முதல் ஃபான்ட்ல இல்லாத எழுத்தை எடிட்டர் ரெண்டாவது ஃபான்ட்ல இருந்து எடுத்துக்கும்.

'என்கோடிங்' யுடிஎஃப்-8னு இருக்கான்னும் பாருங்க. மேலே சொன்ன ராப் பைக்கும் கென் தாம்சனும் 1992-ல் உருவாக்கின முறை இது. இதுல ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும்.

தமிழ் படிச்சவங்களை யோசிக்க வைக்கிற இடம் ஒண்ணு இங்க இருக்கு. 'தமிழ்'ங்கிற சொல்லுக்கு எத்தனை எழுத்துன்னு கேட்டா மூணுன்னு சொல்வோம். பைத்தானைக் கேட்டா 5ன்னு சொல்லும். மி-யில் மகரமும் இகரக் குறியும் தனித்தனி, ழ்-ல் ழகரமும் புள்ளியும் தனித்தனி. இதை எழுதுற நானும் பி.ஏ. தமிழ்தான். தலைப்புல எத்தனை எழுத்து இருக்குன்னு எண்ணச் சொல்லி முதல்முறை எழுதின நாலு வரி புரோகிராம் தப்புத் தப்பா எண்ணிக்கிட்டே இருந்தது. அரை நாள் எடிட்டர் மேல பழி போட்டேன். அதுல எடிட்டர் குற்றவாளி இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. வேர்ட் ஃபைல், பிடிஎஃப்ல இருந்து கோடை காப்பி பண்ணா மேற்கோள் குறி வளைஞ்சு வரும். பைத்தான் அதை ஏத்துக்காது. அந்த இடத்துல மேற்கோள் குறியை மட்டும் அழிச்சுட்டு நீங்களே டைப் பண்ணுங்க.

உங்க செட்டிங் வேற, ப்ராஜெக்ட் செட்டிங் வேற

விஎஸ் கோடுல ரெண்டு அடுக்கு இருக்கு. 'யூசர்' செட்டிங் உங்களுக்கானது, நீங்க திறக்கிற எல்லா ஃபைலுக்கும் பொருந்தும். 'வொர்க்ஸ்பேஸ்' செட்டிங் அந்த ஒரு ப்ராஜெக்டுக்கு மட்டும். ரெண்டும் மோதினா ப்ராஜெக்ட் செட்டிங்தான் ஜெயிக்கும்.

எதை எங்க வைக்கணும்? எழுத்து அளவு, நிறம், தீம் எல்லாம் உங்க சொந்த விருப்பம். அதை யூசர்ல வைங்க. டேப் சைஸ், வரி முடிவு, ஃபார்மட்டர் எல்லாம் டீமோட விஷயம். அதை ப்ராஜெக்ட்ல வைங்க. நாலு பேர் சேர்ந்து ப்ராஜெக்ட் பண்ணும்போது ஒருத்தர் மட்டும் 2 ஸ்பேஸ் ஃபார்மட்டர் வெச்சிருந்தா, அவர் ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும் மொத்த ஃபைலும் மாறும். கிட்ல பார்த்தா யார் என்ன மாத்தினாங்கன்னே தெரியாது.

டீம்ல ஆளுக்கு ஒரு எடிட்டரா? 'எடிட்டர்கான்ஃபிக்'னு ஒரு பொதுவான ஃபைல் முறை இருக்கு. ஜெட்பிரைன்ஸ் எடிட்டர்கள் அதை நேரடியா படிக்கும். விஎஸ் கோடுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போடணும்.

எக்ஸ்டென்ஷன்: இங்கதான் உண்மையான ஆபத்து

எக்ஸ்டென்ஷன்னா எடிட்டருக்குக் கூடுதல் வசதி தர்ற சின்ன புரோகிராம். யார் வேணும்னாலும் எழுதி வெளியிடலாம். இன்ஸ்டால் பண்ணிட்டா, உங்களுக்கு இருக்கிற அதே அனுமதியோட அது ஓடும். உங்க ஃபைலைப் படிக்கலாம், இன்டர்நெட்ல இருந்து வேற புரோகிராமை இறக்கலாம்.

2025 ஜூலையில் சைபர் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கை ஒரு சம்பவத்தை வெளியிட்டது. ரஷ்யாவைச் சேர்ந்த பிளாக்செயின் டெவலப்பர் ஒருத்தர், விஎஸ் கோடை அடிப்படையா வெச்சு உருவான கர்சர் எடிட்டரில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டார். சாலிடிட்டி மொழிக் கோடுக்கு நிறம் கொடுக்கும்னு சொன்ன எக்ஸ்டென்ஷன் அது. நிறம் எதுவும் வரலை. ஏதோ கோளாறுன்னு நினைச்சு விட்டுட்டார். ஆனா அது போலி. பின்னால அவரோட கம்ப்யூட்டரையே கட்டுப்படுத்துற மென்பொருளை இறக்கிடுச்சு. சுமார் 5 லட்சம் டாலர் மதிப்புள்ள கிரிப்டோ கரன்சி போச்சு. தேடல் முடிவில் அசல் எக்ஸ்டென்ஷனுக்கு மேலேயே போலி வந்திருந்ததுதான் அவர் ஏமாறக் காரணம்.

நீங்க செய்ய வேண்டியது:

- தேடல்ல முதல்ல வர்றதை அப்படியே இன்ஸ்டால் பண்ணாதீங்க. அந்த மொழியோட அதிகாரப்பூர்வ தளத்துக்குப் போய், அங்க கொடுத்திருக்கிற இணைப்பு வழியா வாங்க.
- வெளியிட்டவர் பெயரை எழுத்துக்கூட்டிப் படிங்க. சரிபார்க்கப்பட்டவர்னா நீல நிற டிக் இருக்கும். டிக் இருந்தாலே நூறு சதவீதம் பாதுகாப்புன்னு அர்த்தமில்லை, ஆனா இல்லாததை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிக்கணும்.
- புதுசா ஒருத்தரோட எக்ஸ்டென்ஷனைப் போடும்போது 'இவரை நம்புறீங்களா?'ன்னு விஎஸ் கோடு கேட்கும். 2025 தொடக்கத்துல வந்த வசதி இது. படிக்காம ஓகே தட்டாதீங்க.
- சொன்ன வேலையைச் செய்யாத எக்ஸ்டென்ஷனை அன்னைக்கே நீக்குங்க.
- தெரியாத இடத்துல இருந்து டவுன்லோட் பண்ண ப்ராஜெக்டைத் திறக்கும்போது 'டிரஸ்ட்' கேள்வி வரும். முதல்ல நம்ப வேண்டாம்னு கொடுத்து, கோடை மட்டும் படிச்சுப் பாருங்க.

ஆரம்ப நிலையில் நீங்க கத்துக்கிற மொழிக்கு ஒண்ணு, ஃபார்மட்டர் ஒண்ணு போதும்.

லேப்டாப் போயிட்டா செட்டிங்கும் போயிடுமா?

போகாது, முன்கூட்டியே ஒரு வேலை பண்ணியிருந்தா. இடது கீழ் மூலையில் இருக்கிற கணக்குச் சின்னத்தைக் கிளிக் பண்ணி 'செட்டிங்ஸ் சிங்க்'கை ஆன் பண்ணுங்க. மைக்ரோசாஃப்ட் அல்லது கிட்ஹப் கணக்கு வேணும். செட்டிங், ஷார்ட்கட், எக்ஸ்டென்ஷன் பட்டியல் எல்லாம் அந்தக் கணக்குல சேமிக்கப்படும். புது லேப்டாப்ல லாகின் பண்ணா திரும்ப வந்துடும்.

ரெண்டாவது வழி, செட்டிங் ஃபைலையே கிட்ஹப்ல போட்டு வைக்கிறது. இதுல ஒரு கண்டிப்பு வேணும். பாஸ்வேர்ட், ஏபிஐ கீ எதுவும் அந்த ஃபைல்ல இருக்கக்கூடாது. சில எக்ஸ்டென்ஷன்கள் கீயை செட்டிங்லயே போடச் சொல்லும். தெரிஞ்ச வகை ரகசியக் கீ இருந்தா தடுத்து நிறுத்துற வசதியை 2024-ல் இருந்து பொது ரெப்பாசிட்டரிகளுக்கு கிட்ஹப் தானாவே ஆன் பண்ணி வெச்சிருக்கு. ஆனா சாதாரண பாஸ்வேர்டை அது கண்டுபிடிக்கும்னு நம்பிடாதீங்க. தப்பித் தவறி போட்டுட்டா, ஃபைலை அழிச்சா மட்டும் போதாது. பழைய பதிவுல அது அப்படியே இருக்கும். அந்தக் கீயையே ரத்து பண்ணிட்டு புதுசு வாங்கணும்.

சொந்த லேப்டாப் இல்லையா?

காலேஜ் லேப்ல இன்னைக்கு ஒரு சிஸ்டம், நாளைக்கு வேற சிஸ்டம் கிடைக்கும். இதுக்கு 'போர்ட்டபிள் மோட்' இருக்கு. விஎஸ் கோடை ஜிப் ஃபைலா டவுன்லோட் பண்ணி பென் டிரைவ்ல பிரிங்க. அந்த ஃபோல்டருக்குள்ள, ஆங்கிலத்துல சின்ன எழுத்துல 'டேட்டா'ன்னு ஒரு காலி ஃபோல்டர் உருவாக்குங்க. இனி உங்க செட்டிங், எக்ஸ்டென்ஷன் எல்லாமே அதுக்குள்ளயே இருக்கும். எந்த விண்டோஸ் சிஸ்டத்துல சொருகினாலும் உங்க எடிட்டர் உங்க எடிட்டராவே திறக்கும். பென் டிரைவ் போடலாமான்னு லேப்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. அது தொலையலாம்ங்கிறதால வாரம் ஒருமுறை காப்பி எடுத்து வைங்க.

பொது கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ் சிங்க்ல லாகின் பண்ணா, எழுந்து போறதுக்கு முன்னாடி கண்டிப்பா சைன் அவுட் பண்ணணும். இல்லைன்னா அடுத்து உட்கார்றவர் கையில உங்க கணக்கு இருக்கும்.

எடிட்டர் திடீர்னு மெதுவாயிடுச்சா?

முதல் சந்தேகம் எக்ஸ்டென்ஷன் மேல. கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்'னு கொடுங்க. பாதி எக்ஸ்டென்ஷனை ஆஃப் பண்ணிட்டு, 'இப்ப சரியா?'ன்னு கேட்கும். உங்க பதிலைப் பொறுத்து மீதியை மறுபடி பாதியாக்கும். 16 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நாலைஞ்சு கேள்வியில குற்றவாளி சிக்கிடும்.

எங்க நிறுத்தணும்?

எடிட்டர் செட் பண்றதுல ஒரு போதை இருக்கு. தீம் மாத்துறது, ஐகான் மாத்துறது, யூடியூப்ல ஒருத்தர் வெச்சிருக்கிற மாதிரியே வைக்கிறதுன்னு ஒரு வாரம் ஓடிடும். ஒரு வரி கோடுகூட எழுதியிருக்க மாட்டோம். ஆனா வேலை நடக்குற மாதிரியே இருக்கும்.

அதுக்கு ஒரு எளிய கணக்கு வெச்சுக்கலாம். ஒரே விஷயம் மூணு தடவை தொந்தரவு பண்ணா மட்டும் அதுக்கு செட்டிங் தேடுங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, ரெண்டு நாள் பயன்படுத்திப் பாருங்க, பிடிக்கலைன்னா பழையபடி வைங்க. அடுத்தவரோட கான்ஃபிக் ஃபைலை மொத்தமா காப்பி பண்ணாதீங்க. அதுல புரியாத ஒவ்வொரு வரியும் பின்னாடி உங்களுக்குப் புரியாத ஒரு பிரச்னையா வந்து நிக்கும்.

இன்னைக்கு ஆட்டோ சேவ், டேப் சைஸ், செட்டிங்ஸ் சிங்க் மூணை மட்டும் சரி பண்ணிட்டு எடிட்டரை மூடிடுங்க. மீதி ஒவ்வொண்ணும் தேவைப்படுற அன்னைக்கு இந்தப் பக்கத்துக்கு வந்து பார்த்துக்கலாம்.